பனிக்குரங்கு

பனிக்குரங்கு என்று உலகெங்கும் அறியப்படும் ஜப்பானியக் குரங்கு, ஜப்பான் தீவுகளில் மட்டுமே இயற்கையாக வாழும் ஒரு குரங்கினம் ஆகும். மனிதரை விட்டுவிட்டால், முதனிகள் எனப்படும் பாலூட்டி வரிசையில் இவ்வளவு வடக்கே வாழும் உயிரினம் வேறு இல்லை. சிவந்த முகம், அடர்ந்த சாம்பல் பழுப்பு உரோமம், கட்டை வால் ஆகியவை இதன் அடையாளங்கள். தலையில் பனி படிய வெந்நீர் ஊற்றில் கழுத்தளவு அமர்ந்து கண்மூடியிருக்கும் குரங்கின் படத்தைப் பார்க்காதவர் குறைவு. அந்தப் படம் பொய்யன்று. ஆனால் இந்த இனத்தின் பெரும்பாலான குரங்குகள் வாழ்நாளில் ஒருமுறைகூட வெந்நீரைத் தொட்டதில்லை. அவை மரப்பட்டையைக் கடித்தும், இலையுதிர் காலத்தில் சேர்த்த கொழுப்பைக் கரைத்தும், ஒன்றையொன்று அணைத்துக்கொண்டுமே குளிர்காலத்தைக் கடக்கின்றன.

பெயரும் வகைப்பாடும்

இதன் அறிவியல் பெயர் மக்காக்கா ஃபஸ்கேட்டா. ஜப்பானியர் இதனை நிகோன்சாரு என்பர். நிகோன் என்பது ஜப்பான் நாட்டையும், சாரு என்பது குரங்கையும் குறிக்கும். இந்த இனத்தை அறிவியல் உலகுக்கு விவரித்தவர் எட்வர்ட் பிளைத். கல்கத்தாவில் ஆசியக் கழகத்தின் அருங்காட்சியகக் காப்பாளராகப் பல ஆண்டுகள் பணியாற்றிய இவர் 1873-இல் இறந்தார்; அவர் அளித்த விவரிப்பு 1875-இல்தான் அச்சில் வந்தது.

மக்காக்கா பேரினத்தில் இருபதுக்கும் மேற்பட்ட இனங்கள் உள்ளன. தமிழ்நாட்டில் கோயில்களிலும் சாலையோரங்களிலும் காணப்படும் நாட்டுக்குரங்கும், மேற்குத் தொடர்ச்சி மலையின் சோலைமந்தியும் இதே பேரினத்தைச் சேர்ந்தவை. எனினும் ஜப்பானியக் குரங்குக்கு மிக நெருங்கிய உறவினர்கள் வட இந்தியாவிலும் சீனாவிலும் வாழும் ரீசஸ் குரங்கும் தைவான் குரங்கும்தான். பனியூழிக் காலத்தில் கடல்மட்டம் தாழ்ந்திருந்தபோது, ரீசஸ் குரங்கை ஒத்த மூதாதை இனம் ஒன்று கொரியத் தீபகற்பம் வழியாக ஜப்பானுக்கு வந்து சேர்ந்தது என்றும், கடல் மீண்டும் உயர்ந்தபின் தனித்து வளர்ந்தது என்றும் ஆய்வாளர் கருதுகின்றனர்.

இரண்டு துணையினங்கள் உள்ளன. ஹொன்ஷு, ஷிகோகு, கியூஷு ஆகிய பெருந்தீவுகளிலும் அருகிலுள்ள சிறு தீவுகளிலும் வாழ்வது ஒன்று. தெற்கே யாக்குஷிமா என்னும் தீவில் மட்டும் வாழ்வது மற்றொன்று. யாக்குஷிமாக் குரங்கு உருவில் சற்றுச் சிறியது. நிறம் கூடுதல் கருமையானது.

பரவல்

ஹொன்ஷு தீவின் வடகோடியில் உள்ள ஷிமோகிதா தீபகற்பமே இந்த இனத்தின் வட எல்லை. நியூயார்க் நகரத்தைவிடச் சற்று வடக்கே, 41 பாகை அகலாங்கைத் தாண்டி அமைந்த இடம் அது. ஷிமோகிதாவின் குரங்குகளையும் அவற்றின் வாழ்விடத்தையும் ஜப்பான் அரசு 1970-இல் தேசிய இயற்கைச் சின்னமாக அறிவித்தது. தென் எல்லையான யாக்குஷிமா ஏறத்தாழ 30 பாகையில் உள்ளது.

ஷிமோகிதாவுக்கு எதிரே, சுகாரு நீரிணைக்கு அப்பால், ஹொக்கைடோ தீவு தெரியும். அங்கே காட்டுக் குரங்குகள் இல்லை. ஹொக்கைடோவின் ஹகோடாடே நகரில் வெந்நீர்த் தொட்டியில் குளிக்கும் குரங்குகளைப் பயணிகள் காண்பதுண்டு. அவை தாவரவியல் பூங்கா ஒன்றில் கொண்டுவந்து வளர்க்கப்படுபவை. ஆழமான அந்த நீரிணை பல விலங்கினங்களுக்கு எல்லைக்கோடாக அமைந்திருப்பதை விலங்கியலாளர் நீண்ட காலமாகவே அறிவர்.

கடற்கரைப் பசுமைமாறாக் காடு முதல் நடு ஹொன்ஷுவின் உயர்ந்த மலைகள் வரை பல்வேறு நிலங்களில் இக்குரங்குகள் வாழ்கின்றன. தெற்கே ஆண்டு முழுவதும் இலையும் கனியும் ஓரளவு கிடைக்கும். வடக்கிலும் மலைகளிலும் ஆண்டின் மூன்றில் ஒரு பங்கு நாட்கள் தரை பனியால் மூடிக்கிடக்கும். ஒரே இனம் இவ்விரு உலகங்களிலும் வாழ்வதால், ஓரிடத்தில் கண்ட பழக்கத்தை இனம் முழுமைக்கும் பொதுவாகக் கொள்வது பிழையாகும்.

உடலமைப்பு

வளர்ந்த ஆண்குரங்கு சராசரியாக 11 கிலோகிராம் எடையும், பெண்குரங்கு ஏறத்தாழ 8 கிலோகிராம் எடையும் இருக்கும். உடல் நீளம் அரை மீட்டரைச் சற்றுத் தாண்டும். வாலோ 8 முதல் 9 சென்டிமீட்டர்தான். நாட்டுக்குரங்கின் வால் அதன் உடலளவுக்கு நீண்டு தொங்குவதை நினைத்துப் பார்த்தால் வேறுபாடு விளங்கும். உடலிலிருந்து நீண்டிருக்கும் உறுப்பு எதுவானாலும் அதன் வழியே வெப்பம் வெளியேறும்; கடுங்குளிரில் அது உறைந்து கெடவும் கூடும். எனவே குளிர்நாட்டு விலங்குகளுக்குக் காதும் வாலும் குறுகியிருப்பது பொதுவாகக் காணப்படும் ஒன்று.

உடல் பருமனிலும் இதே கணக்கு உண்டு. உடல் பெரிதாக ஆக, எடையோடு ஒப்பிடும்போது தோலின் பரப்பு குறைகிறது. வெப்ப இழப்பும் குறைகிறது. வடக்கிலும் மலைப்பகுதிகளிலும் வாழும் ஜப்பானியக் குரங்குகள் தெற்கில் உள்ளவற்றைவிடப் பெரிய உடலைக் கொண்டிருப்பதற்கு இதுவே காரணமாகக் கூறப்படுகிறது. உரோமத்தின் அடர்த்தியும் குளிர் மிகுந்த இடங்களில் அதிகம்.

முகத்திலும் பின்புறத்திலும் மட்டும் உரோமம் இல்லை. அங்கே தோலின் அடியில் ஓடும் இரத்தமே சிவப்பு நிறத்தைத் தருகிறது. இனச்சேர்க்கைக் காலத்தில் இந்தச் சிவப்பு மேலும் கூடும். கன்னங்களின் உட்புறம் பை போன்ற இடம் உண்டு. கிடைத்த உணவை அவசரமாக அதில் நிரப்பிக்கொண்டு, பாதுகாப்பான இடத்துக்குச் சென்று மெல்லும்.

குளிர்காலத்தைக் கடத்தல்

சைபீரியாவிலிருந்து வீசும் வறண்ட குளிர்காற்று ஜப்பான் கடலைக் கடக்கும்போது ஈரத்தை அள்ளிக்கொள்கிறது. ஹொன்ஷுவின் மலைத்தொடரில் மோதியதும் அந்த ஈரம் பனியாகக் கொட்டுகிறது. இதனால் ஜப்பானின் மேற்குச் சரிவுகளும் நடு மலைகளும் உலகிலேயே மிகுந்த பனிப்பொழிவு பெறும் மனிதக் குடியிருப்புப் பகுதிகளில் அடங்கும். வெப்பநிலை உறைநிலைக்குக் கீழே 15 பாகை செல்சியசு வரை இறங்கும் இடங்களிலும் குரங்குகள் வாழ்கின்றன.

குளிரைவிடப் பெரிய இடர் பசி. இலையுதிர் காலத்தில் பீச், ஓக் போன்ற மரங்களின் கொட்டைகளைத் தின்று குரங்குகள் கொழுக்கின்றன. மரங்கள் இலையை உதிர்த்து, தரையைப் பனி மூடியபின் எஞ்சுவது மரப்பட்டையும் கிளை நுனிகளில் உறங்கும் மொட்டுகளுமே. பட்டையைப் பல்லால் கிழித்து அதன் உட்புறப் பசைப்பகுதியை உண்கின்றன. மல்பெரி மரத்தின் பட்டைக்குத் தனி விருப்பம் உண்டு. ஆனால் பட்டையில் நார் மிகுதி, சத்துக் குறைவு. வடகிழக்கு ஜப்பானின் கின்கசான் தீவில் நவோஃபுமி நகாகாவா மேற்கொண்ட ஆய்வு, குளிர்காலத்தில் குரங்குகள் உண்பதிலிருந்து பெறும் ஆற்றல் அவை செலவிடும் ஆற்றலைவிடக் குறைவு என்று காட்டியது. அதாவது, எவ்வளவு முயன்று தின்றாலும் கணக்கில் பற்றாக்குறைதான். அதை ஈடுசெய்வது இலையுதிர் காலத்தில் சேர்த்த கொழுப்பு. கொட்டைகள் நன்றாகக் காய்க்காத ஆண்டில் சேமிப்பு குறைகிறது. அடுத்து வரும் குளிர்காலம் நீண்டுவிட்டால் குட்டிகளும் முதிய குரங்குகளும் முதலில் மடிகின்றன. கின்கசானில் 1984-இன் கடும்பனி பெரும் எண்ணிக்கையில் குரங்குகளைக் கொன்றது.

கடலோரத்தில் வாழும் கூட்டங்களுக்கு இன்னொரு வழி உண்டு. ஷிமோகிதாவிலும் கின்கசானிலும் குரங்குகள் கரைக்கு இறங்கிக் கடற்பாசி தின்கின்றன. நடு ஹொன்ஷுவின் கமிகோச்சியில் கிடைத்தது இதைவிட வியப்பான செய்தி. கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1500 மீட்டர் உயரத்தில் உள்ள அந்தப் பள்ளத்தாக்கில், நிலத்தடி நீர் ஊறி வருவதால் சில ஓடைகள் குளிர்காலத்திலும் உறைவதில்லை. அங்குள்ள குரங்குகளின் எச்சத்தில் இருந்த டிஎன்ஏ-வை ஆராய்ந்து 2021-இல் வெளியான ஆய்வு, அவை நீர்ப்பூச்சிகளையும் டிரவுட் மீனையும் உண்டிருப்பதை உறுதிசெய்தது. பொதுவாக ஜப்பானியக் குரங்கை இலையும் கனியும் உண்ணும் விலங்கு என்றே நூல்கள் கூறிவந்தன.

இரவிலும் பனிப்புயலிலும் உணவு தேட இயலாது. அப்போது செய்யக்கூடியது வெப்பத்தை வீணாக்காமல் இருப்பது ஒன்றே. குரங்குகள் மார்போடு மார்பு சேர்ந்து, குட்டிகளை நடுவில் வைத்து, நெருக்கியடித்து அமர்கின்றன. ஜப்பானியர் இதைச் சாருடாங்கோ என்பர். டாங்கோ என்பது அரிசிமாவில் பிடிக்கும் கொழுக்கட்டை போன்ற உருண்டை. பெரும்பாலான இடங்களில் இந்த உருண்டை ஒரு தாய்வழிக் குடும்பத்தைத் தாண்டுவதில்லை. ஷோடோஷிமா தீவில் மட்டும் நூற்றுக்கும் மேற்பட்ட குரங்குகள் ஒரே குவியலாக அமர்வது பதிவாகியுள்ளது. யாருக்கு யார் அருகில் அமர உரிமை உண்டு என்பது உறவும் தகுதியும் சார்ந்தது. ஆகவே கூட்டத்தில் தனித்துப்போன குரங்குக்குக் குளிர் இருமடங்கு கொடியது.

வெந்நீர்க் குளியல்

நாகானோ மாநிலத்தில் யொகோயு ஆற்றின் பள்ளத்தாக்கில், 850 மீட்டர் உயரத்தில், ஜிகோகுதானி உள்ளது. நிலத்திலிருந்து ஆவி எழும்பும் அந்த இடத்துக்கு நரகப் பள்ளத்தாக்கு என்று பெயர். மேலே மலையில் பனிச்சறுக்குத் தளங்கள் அமைக்கப்பட்டபோது அங்கிருந்த குரங்குகள் கீழே இறங்கின. ஆப்பிள் தோட்டங்களில் புகுந்தன. விவசாயிகள் அவற்றைக் கொல்ல அனுமதி கோரும் நிலை வந்தது. அப்போது சோகோ ஹாரா என்பவர் குரங்குகளுக்குப் பள்ளத்தாக்கிலேயே உணவிட்டு, தோட்டங்களிலிருந்து திருப்ப முயன்றார்.

அங்கே ஒரு பழைய விடுதியும் அதன் திறந்தவெளி வெந்நீர்த் தொட்டியும் இருந்தன. 1963-இல் இளம் பெண்குரங்கு ஒன்று அந்தத் தொட்டிக்குள் இறங்கியது. பிற இளங்குரங்குகள் அதைப் பின்பற்றின. நாளடைவில் தாய்களும் இறங்கினர். விருந்தினரும் குரங்குகளும் ஒரே தொட்டியில் குளிப்பது சுகாதாரத்துக்கு ஏற்றதல்ல என்பதால், குரங்குகளுக்கெனத் தனிக்குளம் கட்டப்பட்டது. 1964-இல் அது குரங்குப் பூங்காவாகத் திறக்கப்பட்டது. 1970 ஜனவரியில் அமெரிக்காவின் லைஃப் இதழ் அட்டைப்படத்தில் இக்குரங்கு இடம்பெற்றபின் அந்தப் பள்ளத்தாக்கு உலகறிந்த இடமாயிற்று.

பூங்காவுக்கு வேலி இல்லை. பகலில் வந்து, இடப்படும் உணவைத் தின்று, குளித்து, மாலையில் குரங்குகள் காட்டுக்குத் திரும்புகின்றன. இரவில் எவையும் நீரில் தங்குவதில்லை.

குளிப்பதால் உண்மையில் பயன் உண்டா? கியோட்டோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதைச் சோதித்தனர். ஜிகோகுதானியில் வளர்ந்த பெண்குரங்குகள் 12-ஐத் தேர்ந்து, குட்டி ஈனும் காலத்திலும் குளிர்காலத்திலும் அவை எவ்வளவு நேரம் நீரில் இருக்கின்றன என்று குறித்தனர். அவற்றின் எச்சத்தில் உள்ள உடல் அழுத்த ஹார்மோன்களை அளந்தனர். 2018-இல் வெளியான முடிவின்படி, குரங்குகள் குளிர்காலத்திலேயே அதிகம் குளிக்கின்றன. குளித்த பின் அழுத்த ஹார்மோன் அளவு குறைகிறது. தகுதியில் உயர்ந்த பெண்குரங்குகளுக்கே குளத்தில் கூடுதல் நேரம் கிடைத்தது. உயர்ந்த தகுதி சண்டைகளையும் அவற்றால் வரும் அழுத்தத்தையும் கூடவே கொண்டுவருவதால், குளியலின் பயனும் அவற்றுக்கே அதிகம் தேவைப்படுகிறது எனலாம்.

கூட்ட வாழ்க்கை

ஒரு கூட்டத்தில் சில பத்துக் குரங்குகள் இருப்பது இயல்பு. மனிதர் உணவிடும் இடங்களில் நூற்றுக்கணக்கில் பெருகும். கூட்டத்தின் முதுகெலும்பு மந்திகள், அதாவது பெண்குரங்குகள். அவை பிறந்த கூட்டத்திலேயே வாழ்ந்து அங்கேயே மடிகின்றன. கடுவன்கள் எனப்படும் ஆண்குரங்குகள் ஏறத்தாழ ஐந்து வயதில் பிறந்த கூட்டத்தை விட்டு வெளியேறுகின்றன. சில காலம் தனித்தோ பிற ஆண்களோடோ அலைந்து, வேறொரு கூட்டத்தில் சேர்கின்றன. பல ஆண்டுகளுக்குப் பின் அதையும் விட்டுச் செல்வதுண்டு.

மந்திகளின் தகுதி தாயிடமிருந்து வருகிறது. மகள் தாய்க்கு நேர் கீழே இடம் பெறுகிறாள். சகோதரிகளுள் இளையவளுக்கே மூத்தவளைவிட உயர்ந்த இடம். ஒசாகா அருகே மினோ கூட்டத்தைக் கவனித்த ஷுன்சோ கவாமுரா இவ்விதியை 1958-இல் வெளியிட்டார். சிறியவளுக்கும் பெரியவளுக்கும் சண்டை வந்தால் தாய் சிறியவள் பக்கம் நிற்பதே இதற்குக் காரணமாகக் கொள்ளப்படுகிறது. உணவு குறைந்த காலத்தில் நல்ல மரத்தில் யார் முதலில் அமர்வது என்பதை முடிவுசெய்வதும் இந்தத் தகுதிதான்.

ஆண்குரங்கே தலைமை ஏற்கும் என்பது பொது விதி. அதற்கும் விலக்கு உண்டு. ஓயிட்டா மாநிலத்தின் தகசாகியாமாவில், அறுநூறுக்கும் மேற்பட்ட குரங்குகள் கொண்ட கூட்டத்தில், யாக்கெய் என்னும் 9 வயது மந்தி 2021-இல் முதலில் தன் தாயையும், பின்னர் தலைவனாக இருந்த கடுவனையும் அடக்கி முதலிடம் பிடித்தது. எழுபது ஆண்டுகளுக்கு நெருங்கிய அந்தப் பூங்காவின் வரலாற்றில் அதுவே முதல்முறை.

ஒன்றுக்கொன்று உரோமத்தை விலக்கிச் சுத்தம் செய்வதில் குரங்குகள் நாளில் நெடுநேரத்தைச் செலவிடுகின்றன. உறவை வளர்ப்பதும் சண்டைக்குப்பின் சமாதானம் செய்வதும் இதன் மூலமே நடக்கின்றன. தமிழில் இதைப் பேன் பார்த்தல் என்கிறோம். அது வெறும் வழக்குச் சொல்லன்று. நாகானோவில் நடந்த உற்றுநோக்கல், குரங்குகள் உரோமத்திலிருந்து பொறுக்கி வாயிலிடுபவை பெரும்பாலும் பேன் முட்டைகளே என்று காட்டியது.

காட்டில் நகரும்போது கூட்டம் சிதறிவிடாமல் இருக்க மென்மையாகக் குரல் கொடுத்துக்கொள்கின்றன. இந்தக் குரலிலும் வட்டார வழக்கு உண்டு. யாக்குஷிமாவிலிருந்து 1956-இல் ஐச்சி மாநிலத்தின் ஓஹிராயாமா மலைக்குக் கொண்டுசெல்லப்பட்ட குரங்குகளின் வழித்தோன்றல்களையும், யாக்குஷிமாவிலேயே இருப்பவற்றையும் ஒப்பிட்டபோது, ஒரே குருதிவழியினவாக இருந்தும் அவற்றின் குரலின் சுருதி வேறுபட்டிருந்தது.

இனப்பெருக்கம்

நாட்டுக்குரங்கைப்போல இதற்கும் இனச்சேர்க்கைக்குக் குறித்த காலம் உண்டு. இலையுதிர் காலம் முதல் குளிர்காலத் தொடக்கம் வரை, உடலில் கொழுப்பு மிகுந்திருக்கும் நாட்களில் இணைசேர்கின்றன. கருக்காலம் ஏறத்தாழ 173 நாட்கள். வசந்த காலத்திலும் கோடையின் தொடக்கத்திலும், தளிர்கள் துளிர்க்கும்போது குட்டி பிறக்கிறது. பெரும்பாலும் ஒற்றைக் குட்டியே. பிறக்கும்போது எடை அரை கிலோகிராம் அளவில் இருக்கும். முதலில் தாயின் வயிற்றைக் கவ்வித் தொங்கும். சில வாரங்களில் முதுகில் ஏறிக்கொள்ளும். முதல் குளிர்காலம் வரும்போது அதற்கு வயது ஓராண்டுகூட நிறைந்திருக்காது.

காட்டில் ஒரு மந்தி இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறையே குட்டி ஈனுவது வழக்கம். பாலூட்டி மெலிந்த தாய் அடுத்த இலையுதிர் காலத்தில் மீண்டும் கருவுறும் அளவுக்குத் தேறுவதில்லை. மனிதர் உணவிடும் கூட்டங்களில் இந்த இடைவெளி சுருங்குகிறது. முதல் குட்டியும் முன்கூட்டியே, ஐந்து வயதளவில் பிறக்கிறது. வயல்களில் நடக்கும் மோதலின் மூலம் இந்த ஒரு வேறுபாட்டில்தான் உள்ளது.

கிழங்கு கழுவிய குரங்கு

குரங்குகளை ஒவ்வொன்றாக அடையாளம் கண்டு, பெயரிட்டு, பல ஆண்டுகள் தொடர்ந்து கவனிக்கும் முறையை உலகுக்கு அளித்தவர்கள் ஜப்பானிய ஆய்வாளர்கள். கின்ஜி இமானிஷியும் அவர் மாணவர்களான ஜுனிச்சிரோ இட்டானி, ஷுன்சோ கவாமுரா ஆகியோரும் 1948-இல் மியசாக்கிக் கரைக்கு அப்பால் உள்ள கோஷிமா என்னும் சிறு தீவுக்குச் சென்றனர். 1952-இல் அங்குள்ள குரங்குகள் மனிதர் வைத்த சர்க்கரைவள்ளிக் கிழங்கை ஏற்கத் தொடங்கின.

கிழங்கில் மணல் ஒட்டியிருந்தது. 1953-இல் ஒன்றரை வயதுப் பெண்குட்டி ஒன்று கிழங்கை ஓடைநீரில் அலசித் தின்றது. அதற்கு ஆய்வாளர் இமோ என்று பெயரிட்டனர். ஜப்பானிய மொழியில் அச்சொல்லுக்குக் கிழங்கு என்பது பொருள். இதனை முதலில் கண்டவர் அப்பகுதிப் பள்ளி ஆசிரியையான சட்சுவே மிட்டோ. இமோவின் விளையாட்டுத் தோழரும் தாயும் அதைச் செய்யத் தொடங்கினர். பின்னர் ஓடையை விட்டுக் கடல்நீரில் கழுவும் பழக்கம் பரவியது. உப்புச்சுவை பிடித்துப்போனது காரணமாகலாம். 1956-இல் இமோ இன்னொன்றும் செய்தது. மணலில் சிந்திய கோதுமையை மணலோடு அள்ளி நீரில் போட்டது. மணல் அமிழ, மிதந்த தானியத்தைப் பொறுக்கித் தின்றது.

மசாவோ கவாய் அளித்த கணக்கு சுவையானது. 1958-இல் இளங்குரங்குகள் 19-இல் 15 கிழங்கு கழுவின. முதிர்ந்தவை 11-இல் இரண்டே இரண்டுதான் அதைக் கற்றிருந்தன. முதிர்ந்த கடுவன்கள் கற்கவே இல்லை. ஜிகோகுதானியின் குளத்திலும் முதலில் இறங்கியவை இளங்குரங்குகளே என்பதை இதனோடு சேர்த்து எண்ணலாம்.

இந்த நிகழ்வின்மேல் ஒரு கட்டுக்கதையும் வளர்ந்தது. கழுவும் குரங்குகளின் எண்ணிக்கை நூறை எட்டியதும் அறிவு தானாகவே பிற தீவுகளின் குரங்குகளுக்குப் பாய்ந்துவிட்டது என்று லயல் வாட்சன் 1979-இல் எழுதினார். இன்றும் தன்முன்னேற்றச் சொற்பொழிவுகளில் இதைக் கேட்கலாம். 1985-இல் ரான் அமண்ட்சன் மூல ஆய்வறிக்கைகளையே எடுத்துப் படித்து, அவற்றில் அப்படி எதுவும் இல்லை என்று காட்டினார். கோஷிமாவில் அப்போது நூறு குரங்குகளே கிடையா. மாயமாகப் பாய்வதற்கு மாறாக, பழக்கம் மிக மெதுவாகத்தான் பரவியது. அந்த மெதுவையே சுட்டி, பென்னட் கேலஃப் போன்ற உளவியலாளர்கள், குரங்குகள் பார்த்துப் பின்பற்றினவா அல்லது கிழங்கும் நீரும் அருகருகே கிடைத்ததால் ஒவ்வொன்றும் தானே கண்டுகொண்டதா என்ற கேள்வியை எழுப்பினர்.

பயன் ஏதுமில்லாத பழக்கங்களும் பரவுவதுண்டு. கியோட்டோ அருகே அரஷியாமாவில் மைக்கேல் ஹஃப்மன் 1979-இல் கண்ட இளம் மந்தி ஒன்று, கற்களைப் பொறுக்கிக் குவித்து உருட்டி விளையாடியது. சில ஆண்டுகளில் அது அக்கூட்டத்து இளங்குரங்குகளின் அன்றாட வழக்கமானது. பனிநாட்டுக் குட்டிகள் பனியை உருட்டிப் பந்தாக்குவதும் இத்தகையதே.

இதே அரஷியாமாவைச் சேர்ந்த 150 குரங்குகள் 1972-இல் அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்துக்கு அனுப்பப்பட்டன. மலைக்காடுகளில் வாழ்ந்தவை திடீரெனக் கள்ளிச்செடியும் கிலுகிலுப்பைப் பாம்பும் நிறைந்த வறண்ட புல்வெளியில் விடப்பட்டன. தொடக்கத்தில் இழப்பு இருந்தது. பிறகு கள்ளிப்பழம் தின்னவும் பாம்பைக் கண்டால் எச்சரிக்கவும் கற்றுப் பெருகின.

மனிதரோடு

நிக்கோ நகரின் தோஷோகு கோயிலில், குதிரை லாயத்தின் மேல் செதுக்கப்பட்ட மூன்று குரங்குகள் உலகப் புகழ் பெற்றவை. கண், காது, வாய் பொத்திய அவற்றின் பெயர்களில் ஒரு சிலேடை உண்டு: ஜப்பானிய மொழியில் சாரு என்றால் குரங்கு, வினையின் இறுதியில் வரும் சாரு என்னும் ஒலி எதிர்மறையைக் குறிக்கும். குரங்கு குதிரைகளைக் காக்கும் என்ற நம்பிக்கையால் லாயத்தில் அதற்கு இடம் கிடைத்தது.

சிற்பத்துக்குக் கிடைத்த மதிப்பு உயிருள்ள குரங்குக்குக் கிடைக்கவில்லை. இறைச்சிக்காகவும் மருந்துக்காகவும் அவை வேட்டையாடப்பட்டு, இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் பல இடங்களில் அழிந்தன. 1947-இல் வேட்டைக்குரிய விலங்குகளின் பட்டியலிலிருந்து குரங்கு நீக்கப்பட்டது. அதன்பின் எண்ணிக்கை மீண்டது. ஆனால் அதே காலத்தில் காடு மாறியது. போருக்குப்பின் மரத்தேவைக்காக அகலிலைக் காடுகள் வெட்டப்பட்டு, சுகி, ஹினோகி போன்ற ஊசியிலை மரங்கள் வரிசையாக நடப்பட்டன. அவை வீடு கட்ட உதவும். குரங்கின் வயிற்றுக்கு உதவா. மறுபுறம் இளைஞர்கள் நகரங்களுக்குச் செல்ல, மலையடிவாரக் கிராமங்களில் முதியோர் மட்டும் எஞ்சினர். விரட்ட ஆளில்லாத வயல்களும், பறிக்க ஆளில்லாமல் மரத்திலேயே பழுத்து நிற்கும் பெர்சிமன் பழங்களும் குரங்குகளை ஊருக்குள் இழுத்தன.

வயலில் தின்று பழகிய கூட்டத்துக்குக் குளிர்காலப் பற்றாக்குறை நீங்கிவிடுகிறது. குட்டிகள் பிழைக்கின்றன, மந்திகள் அடிக்கடி ஈனுகின்றன, கூட்டம் பெருகிப் பிரிகிறது. பசியால் எண்ணிக்கையைக் கட்டுப்படுத்திவந்த காட்டின் வேலையை இப்போது அரசு துப்பாக்கியாலும் கூண்டாலும் செய்கிறது. அண்மை ஆண்டுகளில் ஆண்டுக்கு 20,000-க்கும் மேற்பட்ட குரங்குகள் பிடிக்கப்பட்டுக் கொல்லப்படுகின்றன. பயிருக்குச் சேதம் விளைவிக்கும் கூட்டங்களின் எண்ணிக்கையைப் பத்தாண்டுகளில் பாதியாகக் குறைப்பது என்று அரசு 2014-இல் இலக்கு வகுத்தது. கொல்வது மட்டுமே தீர்வாவதில்லை. மையமான மந்திகள் சிலவற்றைச் சுட்டால் கூட்டம் உடைந்து, முன்பு ஓர் ஊரைத் தொல்லை செய்தது இரண்டு ஊர்களுக்குப் பரவக்கூடும். எனவே பல ஊர்களில் மின்வேலி இடுகின்றனர். ஒரு மந்தியின் கழுத்தில் வானொலிப் பட்டை கட்டிக் கூட்டம் வருவதை முன்கூட்டியே அறிகின்றனர். பழக்கிய நாய்களைக் கொண்டு விரட்டுகின்றனர். உரிமையாளர் கைவிட்ட பழமரங்களை வெட்டுகின்றனர். எண்பது வயது விவசாயிக்கு வேலியைப் பராமரிப்பதே பெரும் பாடு.

பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்புச் சங்கத்தின் செம்பட்டியலில் இந்த இனம் தீவாய்ப்புக் குறைந்த நிலையில் உள்ளது. வேறொரு வகை இடர் கலப்பினத்தால் வந்தது. வளர்ப்பிலிருந்து தப்பிய தைவான் குரங்குகள் வக்கயாமா மாநிலத்தில் உள்ளூர்க் குரங்குகளோடு கலந்தன. கலப்பினக் குரங்குகள் படிப்படியாகப் பிடிக்கப்பட்டு, முற்றிலும் அகற்றப்பட்டதாக 2017-இல் அறிவிக்கப்பட்டது. அதே ஆண்டு சிபா மாநிலத்தின் பூங்கா ஒன்றில் வளர்ந்த குரங்குகளை மரபணுச் சோதனைக்கு உட்படுத்தியபோது, அவற்றுள் 57 குரங்குகளில் ரீசஸ் குரங்கின் மரபணு கலந்திருந்தது தெரியவந்தது. அயல் உயிரினத் தடைச் சட்டத்தின்படி அந்த 57-உம் கொல்லப்பட்டன. பார்ப்பதற்கு அவை ஏனைய பனிக்குரங்குகளைப் போலவே இருந்தன.